சொந்தமாக முடிவெடுக்கும் இளவரசிகள்: அல்லி முதல் லேடாங் மலை வரை



சிறுகதை எழுதச் சொன்னால் இப்போது இளவரசிக் கதை எழுதும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அதுவும் பழைய மாதிரி இளவரசி இல்லை. குதிரை ஏறுகிறாள், வாள் சுழற்றுகிறாள், அரக்கனைக் கொல்கிறாள். 2012இல் வந்த 'பிரேவ்' படத்து மெரிடாவையும் 2016இல் வந்த மோவானாவையும் பார்த்து வளர்ந்தவர்கள், வேறு எப்படி எழுதுவார்கள்? நல்லதுதான். ஆனால் தாள் திருத்த உட்காரும்போது ஒன்று கண்ணில் படும். முக்கால்வாசிக் கதை வரை வீரமாகத் திரிந்தவள், கடைசிப் பத்தியில் திடீரென்று காணாமல் போய்விடுவாள். 'மன்னர் மனம் மகிழ்ந்து அவளை அயல்நாட்டு இளவரசனுக்கு மணமுடித்துக் கொடுத்தார்.' கதை முடிந்தது. வாளை எங்கே வைத்தாள் என்றுகூட யாரும் எழுதுவதில்லை.

இதைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம் என் சொந்தத் தவறு ஒன்று. என் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, அன்னாசித் தோட்டம் சூழ்ந்த ஓர் ஊரின் இளவரசியைப் பற்றி எழுதியிருந்தாள் (பெக்கான் நானாஸ் பிள்ளை வேறு எதை எழுதும்!). பக்கத்து நாட்டு இளவரசன் பெண் கேட்டு வருகிறான். நல்லவன். அவள் மூன்று நாள் யோசிக்கிறாள். பிறகு 'வேண்டாம்' என்கிறாள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. நான் சிவப்பு மையில் 'முடிவு முழுமை பெறவில்லை' என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் நடக்கும் வகுப்பு அது. தாளை வாங்கியவள் மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து என் மேசைக்கு வந்தாள். "கதை முடிஞ்சிருச்சு டீச்சர். அவ வேணாம்னு சொல்லிட்டா. அதுதானே முடிவு?"

எனக்குப் பதில் வரவில்லை. கல்யாணத்தில் போய் நின்றால்தான் இளவரசிக் கதை முடியும் என்ற எண்ணம் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த எண்ணத்தை வைத்துத்தான் புள்ளியும் போட்டிருக்கிறேன்.

அப்படியென்றால், ஓர் இளவரசி சுயமாக இருக்கிறாள் என்று எதை வைத்துச் சொல்வது? வாளை வைத்தா, குதிரையை வைத்தா? கதையின் திருப்பத்தில் அவள் வாழ்க்கையைப் பற்றிய முடிவை எடுப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம்முடைய இரண்டு பழங்கதைகளைப் பார்ப்போம்.

முதலில் அல்லி. 'அல்லி அரசாணி மாலை' புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைப்பாடல். வியாச பாரதத்தில் இந்தக் கதை இல்லை. தமிழ் மக்கள் அருச்சுனனை மதுரைக்கு இழுத்து வந்து கட்டிய கதை. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி ஊர் ஊராகப் போனது, கூத்தாகவும் நாடகமாகவும் ஆடப்பட்டது. அல்லி பாண்டிய நாட்டு இளவரசி. நாட்டைப் பிடித்துக்கொண்ட நீன்முகனைப் போரில் வென்று, தானே அரியணை ஏறுகிறாள். அவள் அரண்மனையில் காவல், படை, நிர்வாகம் எல்லாம் பெண்கள். ஆண் வாடையே ஆகாது என்று இருப்பவள். இன்றைக்கு ஒரு மாணவி இப்படிக் கற்பனை செய்து எழுதினால் 'ஹாலிவுட் படம் பார்த்து எழுதியிருக்கிறாள்' என்போம். நம் பாட்டிமார்கள் கேட்டுத் தூங்கிய கதை இது.

அடுத்து வருவதுதான் சிக்கல். அவள்மேல் ஆசைப்பட்ட அருச்சுனன் கண்ணனின் உதவியைக் கேட்கிறான். கண்ணன் பாம்பாட்டியாகிறான், அருச்சுனன் பாம்பாகிறான். அப்படி அரண்மனைக்குள் நுழைந்து, அல்லி உறங்கும்போது அவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். விழித்தவள் கொதிக்கிறாள், சண்டைக்கும் போகிறாள். ஆனாலும் கதை அவளை அருச்சுனன் மனைவியாக்கி, புலந்திரன் தாயாக்கித்தான் ஓய்கிறது. வாள் இருந்தது, நாடு இருந்தது, படை இருந்தது. முடிவு மட்டும் அவள் தூக்கத்தில் எடுக்கப்பட்டுவிட்டது.

பாம்பாட்டிக் காட்சியை நான் பல ஆண்டுகள் வகுப்பில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஐரோப்பியக் கதையில் தூங்கும் இளவரசிக்கு முத்தம் கொடுத்து எழுப்பும் இளவரசனைப் பற்றி 'அவளைக் கேட்டானா?' என்று உலகமே விவாதிக்கிறது. அதே கேள்வியை அல்லிக்காக நான் கேட்டதில்லை. போதாக்குறைக்கு, நம் பேச்சில் அவள் பெயர் வசையாகவும் ஆகிவிட்டது. வீட்டில் ஒரு பெண் சொல் எடுபட்டால் 'இங்க என்ன அல்லி ராஜ்யமா நடக்குது?' என்பார்கள். மரபுத்தொடர் பாடம் நடத்தும்போது இதன் பின்கதையையும் சொல்லிவிடுங்கள்.

(தடாதகைப் பிராட்டியாரையும் இங்கே சேர்க்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். அது வழிபாட்டோடு கலந்த கதை. வகுப்பில் அதற்கு வேறு கவனம் வேண்டும் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

இரண்டாவது கதைக்குத் தமிழ்நாடு வரை போக வேண்டாம். நம் ஜொகூரின் வடமேற்கில், தங்காக் பக்கம், 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது லேடாங் மலை. அங்கே வாழ்ந்த இளவரசியின் கதை 'சுலாலத்துஸ் சலாத்தின்' என்னும் மலாய் வரலாற்று இலக்கியத்தில் வருகிறது. மலாக்காவின் கடைசிச் சுல்தானான மஹ்மூட் ஷா அவளைப் பெண் கேட்டு ஹங் துவா முதலியோரை அனுப்புகிறார். மலையேறிச் சென்று பேசுபவர் துன் மாமாட். அவரிடம் நிபந்தனைகளைச் சொல்பவள் கூன் விழுந்த ஒரு கிழவி. அந்தக் கிழவி வேடத்தில் இருந்தவள் இளவரசியேதான் என்றும் நூல் சொல்கிறது.

நிபந்தனைகளைப் பாருங்கள். மலாக்காவிலிருந்து மலைவரை தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம். கொசுவின் ஈரல் ஏழு தட்டு. கண்ணுக்கே தெரியாத நுண்பூச்சியின் ஈரல் ஏழு தட்டு. கண்ணீர் ஒரு தாழி. இளம்பாக்குச் சாறு ஒரு தாழி. சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவர் மகன் ராஜா அகமட்டின் இரத்தம் ஒரு கிண்ணம். மற்றதையெல்லாம் கொடுத்துவிடலாம், இரத்தம் மட்டும் முடியாது என்று சுல்தான் பின்வாங்குகிறார்.

இவள் கையில் வாள் இல்லை. 'மாட்டேன்' என்று நேராகச் சொல்லவும் இல்லை. ஓர் அரசரிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? அதனால் மறுப்பை விருப்பப் பட்டியல் மாதிரி எழுதிக் கொடுக்கிறாள். முடிவை எடுத்தவள் அவள்தான். அவள் பிறகு யாரைக் கல்யாணம் செய்தாள் என்று கதை கேட்ட யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா? என் மாணவியின் கதைக்கு நான் எழுதிய சிவப்பு மைக் குறிப்பை, பல நூறு ஆண்டுகளாக இந்தக் கதைக்கு எவரும் எழுதவில்லை. 2004இல் வந்த 'புத்ரி குனோங் லேடாங்' திரைப்படம் இளவரசிக்கும் ஹங் துவாவுக்கும் காதல் என்று மாற்றிக்கொண்டது. படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்ல, இன்னோர் ஆண் காரணமாக இருந்துதான் ஆக வேண்டுமா? மூலக்கதையே எனக்குப் பிடித்திருக்கிறது.

இக்காலச் சிறுவர் கதைகளில் இந்த வரிசைக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கனடாவின் ராபர்ட் மன்ச் 1980இல் வெளியிட்ட 'தி பேப்பர் பேக் பிரின்சஸ்'. குழந்தைகள் காப்பகத்தில் அவர் டிராகன் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, எப்போதும் இளவரசனே ஏன் காப்பாற்ற வேண்டும், ஒரு தடவையாவது இளவரசி காப்பாற்றக் கூடாதா என்று அவர் மனைவி கேட்டதிலிருந்து பிறந்த கதை. டிராகன் அரண்மனையையும் உடைகளையும் எரித்துவிட்டு, இளவரசி எலிசபெத் மணக்கவிருந்த ரோனால்டைத் தூக்கிப் போகிறது. மிஞ்சியது ஒரு காகிதப் பை. அதையே உடுத்திக்கொண்டு துரத்துகிறாள். டிராகனைப் புகழ்ந்து புகழ்ந்தே காட்டை எரிக்கவும் உலகைச் சுற்றிப் பறக்கவும் வைத்து, களைத்துத் தூங்கவிடுகிறாள். மீட்கப்பட்ட ரோனால்டோ அவள் கோலத்தைக் குறை சொல்கிறான். கல்யாணம் நடக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் கதை. எனக்கு இதில் ஒரு சின்னக் குறை உண்டு. ரோனால்டு அற்பன், அற்பனை வேண்டாம் என்று சொல்வது சுலபம். நம் மாணவர்கள் இதைப் பின்பற்றி எழுதும்போது, இளவரசி உயர்ந்து நிற்க இளவரசனை முட்டாளாக்கிவிடுகிறார்கள். அன்னாசித் தோட்டத்து இளவரசியைக் கேட்டு வந்தவன் நல்லவன். அவனிடம் 'வேண்டாம்' என்று சொல்லத்தான் அவளுக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. அந்த மூன்று நாளை இன்னும் இரண்டு பத்தி விரித்து எழுதச் சொல்லியிருக்க வேண்டும் நான். குறிப்பு எழுதுவதென்றால் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இந்தியாவில் சௌம்யா ராஜேந்திரன் எழுதி, பிரதம் புக்ஸ் வெளியிட்ட 'கேர்ள்ஸ் டு தி ரெஸ்க்யூ' பழைய தேவதைக் கதைகளைப் பெண்கள் பக்கமிருந்து திருப்பிச் சொல்லும் ஆங்கில நூல். அதே நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிட்டு வகுப்பில் கொடுக்கலாம்.

இனி தேர்வு எழுதுபவர்களுக்கு. இளவரசி முடிவெடுக்கிறாளா என்பதை இலக்கணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் கதையின் கடைசிப் பத்தியில் உள்ள வினைகளுக்கு அடிக்கோடிடுங்கள். 'மன்னர் அவளை மணமுடித்துக் கொடுத்தார்': எழுவாய் மன்னர், இளவரசி செயப்படுபொருள். 'அவள் மணமுடித்து வைக்கப்பட்டாள்': அவள் எழுவாய்தான், ஆனால் செயப்பாட்டுவினை. 'அவள் அவனை மணந்துகொண்டாள்': இங்கேதான் செய்பவள் அவள். பேச்சிலும் இதே வேறுபாடு: 'கட்டிக் கொடுத்தாங்க', 'கட்டிக்கிட்டா'. கொடு, கொள் என்ற இரண்டு துணைவினைகளுக்கு நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே மாறிப்போகிறது.

'வாழ்க்கைப்பட்டாள்' என்ற சொல்லையும் யோசியுங்கள். இலக்கணப்படி அது செயப்பாட்டுவினை ஆகாது. ஆனாலும் பெண்ணுக்கு மட்டுமே வரும் வினை. 'அவன் வாழ்க்கைப்பட்டான்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சொல்லை நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதும்போது தெரிந்தே எழுதுங்கள்.

இலக்கியத் தாளில் பாத்திரப்படைப்புக் கேள்வி வந்தாலும் இதே வழிதான். 'துணிவு மிக்கவள்' என்று எழுதிவிட்டுச் சண்டைக் காட்சியை மட்டும் சான்றாகக் காட்டாதீர்கள். அவள் எந்த இடத்தில், எதை இழக்கத் துணிந்து, என்ன முடிவெடுத்தாள் என்று எழுதினால் பதில் கனமாகும். முடிவு அவளிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தால் அதையும் எழுதலாம், அதுவும் திறனாய்வுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை. அல்லி கதையைத் தாலி கட்டும் இடம்வரை சொல்லி நிறுத்திவிட்டு, அவள் கண்விழித்த காலையிலிருந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் செய்து பார்த்தேன். சிலர் நேரே போருக்குப் போனார்கள். இரண்டு பேர் அழவிட்டார்கள். என்னிடம் வாதாடிய மாணவி, பாம்பு நுழைந்த வழியை அடைக்கச் சொல்லி அல்லி ஆணையிடுவதாகத் தொடங்கியிருந்தாள். எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் பையன் ஒருவன் எழுதியது இது: அல்லி தாலியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறாள், முகம் கழுவுகிறாள், வழக்கம்போல் அரசவைக்குப் போய் அன்றைய முதல் வழக்கை விசாரிக்கிறாள். அவன் தாளில் எழுத்துப்பிழை மட்டும் பதினொன்று. அதற்குரிய புள்ளியைக் கழித்துவிட்டு, முடிவுக்கு முழுப்புள்ளி போட்டேன். அன்னாசித் தோட்டத்து இளவரசியின் தாளையும் அன்றே திரும்ப வாங்கித் திருத்தினேன்.