லாரியில் போன வீட்டுச் சாமான் குறைந்தால்...

கடைக்கு வரும் சரக்கில் ஒரு மூட்டை குறைந்தால் நாம் சும்மா விடுவதில்லை. லாரி ரசீதிலேயே குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். ஆனால் வீட்டுச் சாமான் விஷயத்தில் மட்டும் இந்தக் கவனம் நமக்கு இருப்பதில்லை.

மும்பையில் மளிகைக் கடை நடத்திய ஒருவர், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் குடிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகை 12,000 ரூபாய். ஏற்றியது 40 பெட்டி, வந்தது 38. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பட்டுப் புடவைகளும் பித்தளைப் பாத்திரங்களுமாக 2 லட்ச ரூபாய்ப் பொருள் போய்விட்டது. அவருக்கு என்ன கிடைக்கும்?

1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரி நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாக வாடகையின் பத்து மடங்குக்குள் அடங்கும். அதாவது 1,20,000 ரூபாய். பதிவுச் சீட்டில் எழுதிய மதிப்பு அதைவிடக் குறைவானால் அவ்வளவுதான். முழு மதிப்பும் வேண்டுமானால், ஏற்றும்போதே மதிப்பை எழுதி, அதற்குரிய கூடுதல் கட்டணம் தரவும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் என்று பணம் வாங்கினால் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள்.

சாமான் இறங்கியதும் பெட்டிகளை எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள். குறைவை டெலிவரி ரசீதிலேயே எழுதுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். "தேடிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தினால் வழக்கே நிற்காது. நோட்டீசை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். லாரிக்காரரின் அலட்சியத்தை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருள் ஏறியது, வந்து சேரவில்லை என்று காட்டினால் போதும்.

பிறகும் பணம் வராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். மும்பைக்கு அலைய வேண்டாம். கொடுத்த வாடகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. கடைச் சரக்கானால் 'வணிக நோக்கம்' என்று மறுக்க இடமுண்டு. வீட்டுச் சாமானுக்கு அந்தத் தடை கிடையாது.

வியாபாரிக்கு எழுத்துதான் சாட்சி. கடைக்கணக்கில் காட்டும் கறாரை, வீட்டுச் சாமானை ஏற்றும் நாளிலும் காட்டுவோம்.