நாயனக்காரர் வீட்டு சாக்ஸபோன்

முகூர்த்த மாதங்களில் கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் கல்யாண வரவேற்புக்குப் போனால், மேடையில் தவிலுக்குப் பக்கத்தில் சாக்ஸபோன் இருப்பது இப்போது சாதாரணக் காட்சி. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி அது. ராணுவ பேண்டிலும் அமெரிக்க ஜாஸிலும் ஊறிய அந்தக் கருவி நம் கச்சேரி மேடையில் நிலைத்ததற்கு முதல் காரணம் கத்ரி கோபால்நாத்.

1949 டிசம்பர் 6-ல் கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாதஸ்வர வித்வான். மகனும் நாயனத்தைத்தான் எடுத்தார். ஆனால் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட நாளிலிருந்து அவர் மனசு அதிலேயே நின்றுவிட்டது. மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் பாட்டு, மிருதங்கம் இரண்டிலும் தேர்ந்த டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் படித்தார். கருவி முழுசாகக் கைவசமாக ஏறக்குறைய 20 வருஷம் ஆனது.

ஏன் அத்தனை காலம்? நாதஸ்வரத்தில் துளைமேல் நேரடியாக விரல் விழும்; பாதி மூடலாம், மெல்ல விலக்கலாம், ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவியும் மூடியும் இருக்கின்றன. சாவியை அழுத்தினால் ஒரு ஸ்வரம், விட்டால் அடுத்தது. ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட அசைவுதான் கமகம்; அது இல்லாமல் தோடி ஏது, பைரவி ஏது? ஒற்றை ரீடைக் கவ்வும் உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் அளவாலும் கமகத்தை வரவழைத்தார் கத்ரி. அவர் சாதனைகளில் பெரியது இதுதான், விருதுகளெல்லாம் அப்புறம்.

இதன் அருமை ஜாஸ்காரர்களுக்குச் சட்டென்று புரிந்தது. 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட அமெரிக்கர் ஜான் ஹேண்டி, அவரோடு சேர்ந்து வாசித்தார். ஹேண்டி லேசுப்பட்டவர் இல்லை. சார்லஸ் மிங்கஸ் குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர், சான் பிரான்சிஸ்கோவில் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர், சரோத் மேதை அலி அக்பர் கானுடன் இசைத்தட்டு வெளியிட்டவர். ஜாஸில் மெட்டை வைத்துக்கொண்டு அந்த நிமிஷத்தில் கற்பனை செய்வதும், நம் ஆலாபனையில், கல்பனாஸ்வரத்தில் வரும் மனோதர்மமும் நெருங்கிய உறவு என்பதால் இருவருக்கும் பேச்சே தேவைப்பட்டிருக்காது. பிறகு பெர்லின், பிராக் ஜாஸ் விழாக்கள். 1994-ல் லண்டனில் பிபிசியின் பிராம்ஸ் விழா. அங்கே அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர்தான்.

அதே 1994-ல் கே. பாலசந்தரின் ‘டூயட்’ வந்தது. திரையில் பிரபு வாசித்தார், ஏ.ஆர். ரகுமான் இசையில் காதில் விழுந்த சாக்ஸபோன் கத்ரியுடையது. சபா வாசலை மிதிக்காதவர்களுக்கும் அந்தக் கருவி பழகிப்போனது அந்தப் படத்தால்தான்.

கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. சென்னையில் எம்.எஸ். லாவண்யா போன்ற சீடர்கள் தனிக் கச்சேரி செய்கிறார்கள். அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா அவரோடு சேர்ந்து 2008-ல் ‘கின்ஸ்மென்’ என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 2004-ல் பத்மஸ்ரீ பெற்ற கத்ரி, 2019 அக்டோபர் 11-ல் மங்களூரில் காலமானார்.

நம் ஊர் வரவேற்புகளில் சாக்ஸபோன்காரரிடம் சினிமாப் பாட்டு மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறோம். அடுத்த கல்யாணத்தில் ஒரு கல்யாணியோ மோகனமோ நிதானமாக வாசிக்கச் சொல்லி, சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போகாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள்.