கரடி கீறின பாறைக்குப் பேய்னு பேரு வந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கல்லைப் பத்தி.

அமெரிக்காவுல வயோமிங் மாநிலம். சுத்தியும் புல்வெளி, பைன் மரங்கள். நடுவுல, வெட்டின மரத்தோட அடிக்கட்டை மாதிரி ஒரு ஒத்தைப் பாறை. அடியிலிருந்து உச்சிக்கு 867 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நாலு தடவை அடுக்கின உயரம். உடம்பு முழுக்க மேலிருந்து கீழ நேர்கோடுகள். மேப்ல இதோட பேரு டெவில்ஸ் டவர்.

கயோவா பழங்குடி மக்கள் சொல்ற கதை இது: ஏழு சின்னப் பொண்ணுங்களைக் கரடிங்க துரத்துது. ஓட வழியில்லாம ஒரு குட்டிப் பாறை மேல ஏறி, "எங்களைக் காப்பாத்து"ன்னு அந்தப் பாறைகிட்டயே வேண்டிக்கிறாங்க. பாறை வளர ஆரம்பிக்குது. கரடிங்க தாவித் தாவி நகத்தால கீறுது; அதுதான் அந்தக் கோடுகள். பாறை வானம் வரைக்கும் போக, பொண்ணுங்க ஏழு நட்சத்திரமாயிட்டாங்க. நாம கார்த்திகைன்னு சொல்றோமே, அதே நட்சத்திரக் கூட்டம். நம்ம கதையில ஆறு பொண்ணுங்க, அவங்க கதையில ஏழு.

புவியியல் என்ன சொல்லுது? சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி பூமிக்குள்ள மேல வந்த பாறைக்குழம்பு மெதுவா ஆறிச்சு. ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது விரிசல் விடும். அந்த விரிசல்கள் அஞ்சு, ஆறு பக்கம் உள்ள தூண்களா அதைப் பிரிச்சுது. அப்புறம் சுத்தியிருந்த மெத்துப் பாறையை மழையும் ஆறும் அரிச்சிடுச்சு. அதாவது பாறை வளரலை, தரை இறங்கிச்சு. ஆனா கதையும் சரி, புவியியலும் சரி, கேட்ட கேள்வி ஒண்ணுதான்: இது ஏன் தனியா நிக்குது, இந்தக் கோடு எப்படி வந்துச்சு?

அப்போ பேய் எங்கிருந்து வந்துச்சு? லகோட்டா மக்கள் வெச்ச பேரு 'மாத்தோ டிபிலா', கரடியின் வீடு. 1875-ல கர்னல் ரிச்சர்ட் டாட்ஜ் தலைமையில போன குழு இதைக் 'கெட்ட கடவுளின் கோபுரம்'னு எழுதிச்சு. அது தப்பான மொழிபெயர்ப்பா இருக்கலாம்னு இன்னைக்குக் கருதுறாங்க. அதுவே டெவில்ஸ் டவர் ஆச்சு. 1906-ல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதை நாட்டோட முதல் தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சப்பவும் அதே பேருதான்.

கதையில குழந்தைங்களைக் காப்பாத்தின பாறை, மேப்ல பேயாயிடுச்சு. பேரை மாத்தச் சொல்லிப் பழங்குடி மக்கள் பல வருஷமா கேக்குறாங்க.

இருபதுக்கும் மேற்பட்ட பழங்குடிகளுக்கு இது புனித இடம். ஜூன்ல அங்க சடங்குகள் நடக்குறதால, அந்த மாசம் ஏறாதீங்கன்னு 1995-லிருந்து பூங்கா நிர்வாகம் கேட்டுக்குது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். மலையேறுற நண்பர்கள் இருந்தா சொல்லி வைங்க: ஜூலையில போகலாம்.