சான்றிதழில் இந்து, ஊரில் சேரி

தருமபுரி மாவட்டத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்பு மாணவர் ஒருவர் சாதிச் சான்றிதழ் பெறும்போது, சாதியோடு மதமும் சேர்ந்தே அச்சாகிறது: ‘இந்து ஆதிதிராவிடர்’. அதே தெருவில், திருமுழுக்குப் பெற்ற குடும்பத்தின் பிள்ளை ‘கிறித்தவ ஆதிதிராவிடர்’ ஆகி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றப்படுகிறார். இருவருக்கும் சுடுகாட்டுப் பாதை ஒன்றுதான். சட்ட உதவி நாடி வரும் மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: “நாங்கள் எப்போது இந்து ஆனோம்?”

சொல்லிலிருந்தே தொடங்கலாம். பாரசீகர் சிந்து ஆற்றையும் அதனை ஒட்டிய நிலத்தையும் குறித்த பெயரே ‘ஹிந்து’. பழந்தமிழ்ப் பாடல்களில் ‘இந்து’ என்றால் நிலவு. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் என்றே நம் முன்னோர் சமயங்களைப் பிரித்தறிந்தனர். அந்தப் பெயர்களுக்குள் அடங்காத வழிபாடுகளும் இருந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் வேடியப்பன் என வணங்கப்படும் கல் பல ஊர்களில் ஒரு நடுகல்லே. ஆநிரைப் பூசலில் மடிந்தவனுக்கு ஊரார் நட்டது. கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரையிலான படிநிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. வேதத்துக்கு அங்கே வேலையில்லை.

இவை அனைத்தையும் ஒரே பெயரில் கட்டியது காலனிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எண்ணிக்கை அரசியல் பிரதிநிதித்துவமாக மாறத் தொடங்கியதும் ‘யார் இந்து’ என்பது சூடான கேள்வியாயிற்று. தீண்டப்படாதோரை இந்துக்களின் கணக்கில் சேர்ப்பதை, 1906இல் வைசிராய் மிண்டோவைச் சந்தித்த முஸ்லிம் தூதுக்குழு கேள்விக்குள்ளாக்கியது. 1911 கணக்கெடுப்பை ஒட்டி, ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பிராமணரின் மேன்மையை ஏற்காதோர், வேதத்தின் அதிகாரத்தை மறுப்போர், கோயிலின் உட்புறத்தில் அனுமதிக்கப்படாதோர், தீட்டு எனக் கருதப்படுவோர், இறந்தோரைப் புதைப்போர், மாட்டிறைச்சி உண்போர் எனப் பத்து அளவுகோல்கள். எதிர்ப்பு எழுந்தது, எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். நம்மைக் கோயிலுக்குள் விட மறுத்தவர்களே, கணக்கில் நம்மை விட மறுத்தனர். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர்’ நூலில் இந்தச் சுற்றறிக்கையை விரிவாக ஆராய்கிறார்.

விடுதலைக்குப் பின் உச்சநீதிமன்றம் ‘இந்து’வுக்கு இலக்கணம் தேடிய வழக்கின் பின்னணியும் இதுவே. குஜராத்தில் சுவாமிநாராயண் சத்சங்கிகள், தாங்கள் இந்துக்களே அல்லர், ஆகவே ஆலய நுழைவுச் சட்டம் தங்கள் கோயில்களைக் கட்டுப்படுத்தாது என வாதிட்டனர். தலித்துகள் உள்ளே வராதிருக்க, இந்து என்ற பெயரையே துறக்கத் துணிந்தார்கள்! 1966இல் நீதிபதி கஜேந்திரகட்கர் அந்த வாதத்தைத் தள்ளினார். ஆனால் இந்து சமயத்தின் அடையாளங்களுள் முதலாவதாக வேதங்களைப் போற்றுவதைக் குறித்தார். வெற்றி நமக்கு, இலக்கணம் அவர்களுக்கு.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியர் அனைவரையும் அதற்குள் சேர்த்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத பிறருக்கும் பொதுவாகப் பொருந்தும் என்கிறது. நம்பிக்கையை அது சோதிப்பதில்லை. மணமக்களின் சாதி வேறாக இருப்பது அங்கே தடையும் அன்று. ஆயினும் 2012 நவம்பர் 7 அன்று, தலித் இளைஞர் ஒருவரும் வன்னியப் பெண் ஒருவரும் மணந்ததைக் காரணம் காட்டி, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சட்டத்தின் கண்ணில் தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே மதத்தவர்.

மதம் உண்மையிலேயே சோதிக்கப்படும் இடம் ஒன்றுண்டு: 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. 1985இல், சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என மெய்ப்பிக்கும் சுமையை உச்சநீதிமன்றம் கோரியவர் மேலேயே சுமத்தியது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் தேவாலயம் செல்வதைச் சுட்டி, அவருக்கு இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டதை உறுதி செய்தது.

பௌத்தம் தழுவியோருக்குச் சான்றிதழ் தரத் தயங்கும் அலுவலரிடம் 1990 திருத்தத்தை எழுத்தில் காட்டுங்கள். மறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள்.