உஷார்! ரார் கோப்புகளை மாற்றுகிறீர்களா? பழையதை அழித்துவிடாதீர்கள்

கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் வின்ரார் நிரலில் 'கன்வர்ட் ஆர்க்கைவ்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஆல்ட்டையும் க்யூவையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். நூறு ரார் கோப்புகளை மொத்தமாகக் கொடுத்தாலும் அத்தனையையும் ஜிப்பாக மாற்றித் தந்துவிடும். மாற்றி முடித்ததும் மூலக் கோப்புகளை அழித்துவிடும்படி சொல்ல அதிலேயே ஒரு சின்னக் கட்டமும் உண்டு. அதில் டிக் போட்டிருந்தால் முதலில் போய் அதை எடுத்துவிட்டு வாருங்கள். இதை அப்புறம் படிக்கலாம்.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். "அண்ணே, 7இசட் ஃபைல் எல்லாம் இருக்கு. உள்ளே போட்டோவைக் காணோம்." பல வருடக் கல்யாண ஆல்பங்களை ரார் கோப்புகளாகக் கட்டி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தார். கட்டற்ற வடிவத்துக்கு மாறுவதுதான் நல்லது என்று யாரோ சொல்ல, தெரிந்த பையன் ஒருவன் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருக்கிறான். பிரி, 7இசட்டாகக் கட்டு, பழையதை அழி: மூன்றே வேலை. பிரிக்கும்போது பிழை வந்தால் அங்கேயே நிற்க வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் அவன் எழுதவில்லை.

பாஸ்வேர்ட் போட்ட கோப்புகள் பிரியவில்லை. ஸ்கிரிப்ட் காலி ஃபோல்டரைக் கட்டிவிட்டு மூலத்தை அழித்தது. இதைவிடக் கொடுமை, டிஸ்கில் லேசாகப் பழுதான கோப்புகளுக்கு நேர்ந்தது. உள்ளே இருக்கும் ஒரு படம் கெட்டிருந்தால், அன்ரார் நிரல் 'சிஆர்சி பிழை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அந்தப் படத்தை வெளியே வைக்காமல் தூக்கிப் போட்டுவிடும். கெட்டதையும் வைத்திரு என்று நாமாகச் சொன்னால்தான் வைக்கும். ஆக, புதிய 7இசட் கோப்பைச் சோதித்தால் 'எல்லாம் சரி' என்றே வரும். இருக்கிற படங்கள் சரியாகத்தானே இருக்கின்றன! இல்லாமல் போன படத்தைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

என் வயிறு எரிவது இதற்குத்தான். அந்த ரார் கோப்புகளை அவர் 'ரெக்கவரி ரெக்கார்ட்' சேர்த்துக் கட்டியிருந்தார். கோப்பின் ஒரு பகுதி சிதைந்தாலும் மீட்டெடுப்பதற்கென்றே ரார் வடிவத்தில் இருக்கும் கூடுதல் தகவல் அது. மாற்றுவதற்கு முன் வின்ராரின் 'ரிப்பேர்' பொத்தானை அழுத்தியிருந்தால் பெரும்பாலான படங்கள் பிழைத்திருக்கும். மருந்தைத் தன்னோடு வைத்திருந்த கோப்பைத்தான் ஸ்கிரிப்ட் அழித்தது. உங்களுடையது எஸ்எஸ்டி என்றால், அழித்ததைத் திரும்ப எடுப்பது அநேகமாக நடக்காத காரியம்.

மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றத்தான் வேண்டும். ரார் என்பது ரஷ்ய நிரலாளர் யூஜின் ரோஷல் 1993-இல் உருவாக்கிய வடிவம். பிரிக்கும் நிரலின் மூலத்தை வெளியே கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதை வைத்து ரார் கோப்பை உருவாக்கும் இன்னொரு நிரலை எழுதக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. ஜிப் அப்படியல்ல. 1989-இல் பில் காட்ஸ் கொண்டுவந்தபோதே அதன் அமைப்பு பொதுவில் வைக்கப்பட்டது. 7இசட் கோப்புகளைக் கட்டும் நிரலான, இகோர் பாவ்லோவ் 1999-இல் தொடங்கிய 7-ஜிப்பின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

மூடிய வடிவத்தின் கதி என்ன ஆகும் என்பதற்கு ஏஸ் வடிவமே சாட்சி. ஒரு காலத்தில் ராருக்குப் போட்டியாக ஓடியது. அதைப் பிரிக்க வின்ரார் வேறொருவர் எழுதிய பழைய நூலகக் கோப்பு ஒன்றைப் பயன்படுத்தி வந்தது. 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் 19 ஆண்டுகளாக இருந்துவந்த ஓட்டையை வெளியிட்டார்கள். அடைக்கலாம் என்றால் அதன் மூலநிரல் வின்ரார் குழுவிடமே இல்லை. வேறு வழியில்லாமல் 5.70 பதிப்பில் ஏஸ் வடிவத்தையே கைவிட்டார்கள். அதுவரை ஏஸில் கட்டி வைத்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. விண்டோஸின் பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு இடமே கிடையாது, யூனிகோடில்தான் உண்டு. யூனிகோட் தெரியாத பழைய கருவி ஒன்று ஜிப் கட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாகிவிடும். 'முருகன்' என்ற சொல்லில் கணினி எண்ணுவது 7 குறிகள். 'லட்சுமி'யிலும் அதே 7. மாற்றிய பிறகு இரண்டு பெயரும் ஏழு கேள்விக்குறிகள்தான், வித்தியாசமே இருக்காது. பிரிக்கும்போது 'அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, மேலெழுதட்டுமா?' என்று கேட்கும். அவசரத்தில் 'எல்லாவற்றுக்கும் சரி' என்று அழுத்தினால் லட்சுமி வந்து முருகனை அழித்துவிடுவாள். 7இசட் வடிவம் பெயர்களை யூனிகோடில்தான் வைக்கிறது. ஜிப்தான் வேண்டும் என்றால் புதிய பதிப்புக் கருவியில் கட்டுங்கள், கட்டியதும் திறந்து தமிழ்ப் பெயர்களைக் கண்ணால் பாருங்கள்.

பாஸ்வேர்ட் போட்ட கோப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். ரார்5 வடிவத்தில் இருப்பது ஏஇஎஸ்-256 பூட்டு. 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்ட் போட்டால், நீங்களாக மாற்றாதவரை அது பழைய 'ஜிப்கிரிப்டோ' பூட்டைத்தான் போடும். அதை உடைக்கும் வழியை பிஹாம், கோச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-லேயே எழுதிக் காட்டிவிட்டார்கள். மாற்றும் நேரத்தில் உங்கள் ரகசியக் கோப்புகள் பூட்டில்லாமல் தற்காலிக ஃபோல்டரில் கிடக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பிரவுசிங் சென்டர் கணினியில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களுக்குப் போகவே போகாதீர்கள். ஆதார், பட்டா, கிரயப் பத்திரம் எல்லாம் உள்ள கட்டை முகம் தெரியாதவர் கையில் கொடுப்பதற்குச் சமம் அது. இப்படிப்பட்ட போலி மாற்றித் தளங்கள் தீநிரலை ஏற்றுகின்றன, பதிவேற்றும் கோப்புகளிலிருந்து தகவலைத் திருடுகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.

வேலையைத் தொடங்கும் முன் கருவியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை இறுதியில் வந்த வின்ரார் 7.13, தாக்குதல்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்த ஓர் ஓட்டையை அடைத்தது. வேலை விண்ணப்பம் போலத் தோன்றும் ரார் கோப்பைத் திறந்தவர்களின் கணினிக்குள் அதன் வழியேதான் நுழைந்தார்கள். வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, 7-ஜிப்பும் அப்படித்தான். நாமே போய் இறக்கிப் பழையதன் மேல் போட வேண்டும்.

சரி, எப்படித்தான் மாற்றுவது? முதலில் ரார் கோப்பை 'டெஸ்ட்' செய்யுங்கள். பழுது இருந்தால் ரிப்பேர் செய்யுங்கள், பிறகுதான் மற்ற எல்லாம். பார்ட்1, பார்ட்2 என்று துண்டு துண்டாக இருந்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முதல் துண்டிலிருந்து பிரியுங்கள். எத்தனை கோப்புகள், மொத்தம் எத்தனை பைட் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டியபின் அதை வேறொரு ஃபோல்டரில் பிரித்து அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். முடிந்தால் கோப்புகளின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள், 7-ஜிப்பை நிறுவியிருந்தால் வலது கிளிக் மெனுவிலேயே அது இருக்கிறது. 7இசட்டில் கட்டும்போது 'நான்-சாலிட்' என்று தேர்ந்தெடுத்தால் கோப்பின் அளவு கொஞ்சம் கூடும், ஆனால் ஓரிடம் பழுதானால் பின்னால் உள்ள படங்களும் சேர்ந்து போகாது. 7இசட்டில் ரெக்கவரி ரெக்கார்ட் கிடையாது. அதனால் இன்னொரு பிரதியை வேறொரு டிஸ்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள்.

பழைய ரார் கோப்புகளை ஒரு வருடமாவது அப்படியே விட்டுவையுங்கள். நண்பர் இழந்த ஆல்பங்களில் ஒன்று, அடுத்த வருடமே தந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் திருமணம். தாரை வார்க்கும் படத்தைக் கேட்டு அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு மூன்று முறை வந்து போய்விட்டார். உங்கள் கணினியில் இப்போது அப்படி ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுந்து போய் நிறுத்துங்கள்.