அரசின் பணமும் திருச்சபையின் ஆலோசனையும்: ஜெர்மன் நாட்டு அனுபவம்

எதிர்பாராத நிலையில் கருவுற்று, செய்வதறியாது கலங்கி நிற்கும் பெண்ணுக்கு உதவுவது திருச்சபையின் திருத்தொண்டுகளுள் ஒன்று என்பதில் கிறிஸ்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அத்தொண்டுக்கு அரசு பணம் கொடுக்கும்போது சில வினாக்கள் எழுகின்றன. பணம் கொடுக்கும் அரசு எந்த அளவுக்கு மேற்பார்வை செய்யலாம்? அம்மேற்பார்வைக்கு உட்பட்ட திருச்சபை தன் சாட்சியைக் காத்துக்கொள்ள இயலுமா? இயலாதெனத் தோன்றினால் அது விலகவேண்டுமா, நிலைத்திருக்கவேண்டுமா? ஜெர்மன் நாட்டில் ஒரே சட்டத்தின்கீழ் ஒரே பணியைச் செய்துவந்த கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டாரும் இவ்வினாக்களுக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டனர். அவ்விரு விடைகளையும் ஈண்டு நோக்குவோம்.

1. சட்டத்தின் வரலாறு

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் கருக்கலைப்புச் சட்டமும் இருவகையாக இருந்தது. கிழக்கு ஜெர்மனியில், முதல் 12 வாரங்களுக்குள் முடிவெடுக்கும் உரிமையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கே அளித்தது. மேற்கு ஜெர்மனியின் பாராளுமன்றம் 1974-இல் இதையொத்த சட்டமொன்றை இயற்றியபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் 1975-இல் அதைச் செல்லாதென்று தள்ளிற்று. கருவிலுள்ள உயிரைக் காப்பது அரசின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். நாட்சி ஆட்சி மனித உயிரை அழித்த கொடுமையின் நினைவு அத்தீர்ப்பில் வெளிப்படையாகவே காணப்படுகிறது.

1990-இல் நாடு ஒன்றுபட்டபின் பொதுவான சட்டமொன்று தேவையாயிற்று. 1992-இல் இயற்றப்பட்ட சட்டத்தை ஆராய்ந்த அதே நீதிமன்றம், 1993 மே 28-ஆம் நாள் தன் இரண்டாம் தீர்ப்பை வழங்கிற்று. கருக்கலைப்பு சட்டத்துக்கு மாறானதே. எனினும் ஆலோசனை பெற்றபின் அதை நாடும் பெண்ணைத் தண்டிக்காமல் விடலாம் என்று அது கூறியது. தாயைப் பகைத்துக்கொண்டு கருவிலுள்ள குழந்தையைக் காக்க இயலாது, தாயின் துணையோடுதான் காக்க இயலும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. இத்தீர்ப்பை ஒட்டி 1995-இல் இன்றுள்ள சட்டம் அமைந்தது.

இதன்படி, கருக்கலைப்பை நாடும் பெண் அரசு அங்கீகாரம் பெற்ற நிலையமொன்றில் ஆலோசனை பெறவேண்டும். பெற்றதற்கான சான்றிதழைப் பெற்று மூன்று நாட்களேனும் கழித்த பின்னரே, 12 வாரங்களுக்குள், மருத்துவரிடம் செல்லலாம். ஆலோசனை கூறியவரே அம்மருத்துவராக இருத்தலாகாது. ஆண்டுதோறும் நடைபெறும் ஏறத்தாழ 1 லட்சம் கருக்கலைப்புகளில், நூற்றுக்கு ஏறத்தாழ 96 இவ்வழியாகவே நடைபெறுகின்றன.

2. பணமும் மேற்பார்வையும்

இந்நிலையங்களை அரசு தானே முழுவதும் நடத்துவதில்லை. 40,000 மக்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகரேனும் இருக்கவேண்டும் என்றும், வெவ்வேறு உலக நோக்குடைய நிலையங்களுள் தனக்கேற்றதைப் பெண் தெரிந்துகொள்ள வாய்ப்பிருக்கவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. எனவே திருச்சபைகளும், செஞ்சிலுவைச் சங்கம், தொழிலாளர் நலச் சங்கம் போன்றவையும், குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தாரும், அரசுச் சுகாதார அலுவலகங்களும் அருகருகே இப்பணியைச் செய்கின்றனர். ஆலோசனைக்குக் கட்டணமில்லை. தேவையான செலவில் நூற்றுக்கு 80 பங்கேனும் பொதுப் பணத்திலிருந்து தரப்படவேண்டும் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. எஞ்சியதை நிலையத்தை நடத்துவோர் ஏற்கவேண்டும்.

மேற்பார்வையும் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஆலோசகர்கள் தகுதியும் பயிற்சியும் உடையவராக இருக்கவேண்டும். கருக்கலைப்பினால் வருவாய் பெறும் அமைப்போடு நிலையத்துக்குத் தொடர்பு இருத்தலாகாது. ஆண்டுதோறும் எழுத்து மூலம் அறிக்கை தரவேண்டும். ஆனால் ஆலோசனைக் குறிப்புகளிலிருந்து எந்தப் பெண்ணையும் அடையாளம் காண இடமிருத்தலாகாது. அங்கீகாரம் என்றென்றைக்கும் உரியதன்று; மூன்று ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் அது மீண்டும் ஆராயப்படுகிறது.

எது ஆராயப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. எத்தனை பெண்கள் குழந்தையைப் பெற முடிவு செய்தனர் என்ற கணக்கைக்கொண்டு நிலையத்தின் தகுதி அளக்கப்படுவதில்லை. ஆலோசனை கருவிலுள்ள உயிரைக் காக்கும் நோக்குடையதாக இருக்கவேண்டும் என்று கூறும் அதே சட்டம், முடிவைப் பெண்ணின் பொறுப்புக்கே விடவேண்டும் என்றும், அவளுக்குப் பாடம் புகட்டவோ அவளைச் சிறுபிள்ளையாக நடத்தவோ கூடாது என்றும் கூறுகிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை என்று இருபக்கத்தாரும் குறை கூறுவதுண்டு. ஆயினும் ஆன்மப் பராமரிப்பில் பழகிய போதகருக்கு இம்முரண்பாடு புதிதன்று. உறுதியான நம்பிக்கையோடு கேட்பவர், கேட்கப்படுபவரின் மனச்சாட்சியைக் கைப்பற்றாமலிருக்கக் கற்றுக்கொள்ளவேண்டும்.

வெறுஞ்சொல்லோடு பெண்ணை அனுப்பிவிடாதிருக்க வேறு ஏற்பாடுகளும் உண்டு. 1984-இல் நிறுவப்பட்ட ‘தாயும் சேயும்’ என்னும் கூட்டாட்சி அறநிலையத்துக்கு அரசு ஆண்டுதோறும் குறைந்தது 9 கோடியே 20 லட்சம் யூரோ வழங்குகிறது. வறுமையிலுள்ள கர்ப்பிணிகள் ஆலோசனை நிலையங்கள் வழியாகவே அவ்வுதவிக்கு விண்ணப்பிக்கின்றனர். 2014-ஆம் ஆண்டு முதல், தன் பெயரை மறைத்துப் பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்குத் துணைநிற்பதும் இந்நிலையங்களின் பொறுப்பாயிற்று. தாயின் பெயர் முத்திரையிட்ட உறையில் வைக்கப்படும்; பிள்ளைக்கு 16 வயதானபின் அதை அறிய உரிமையுண்டு.

3. சான்றிதழ் எழுப்பிய சிக்கல்

சிக்கல் பணத்தினால் வரவில்லை; சான்றிதழினால் வந்தது. உயிரைக் காக்கும்படி திருச்சபை அப்பெண்ணோடு பேசிற்று என்பதற்கு அத்தாள் சான்று. அவள் தண்டனையின்றிக் கருக்கலைப்புச் செய்துகொள்ள வழிதிறக்கும் திறவுகோலும் அத்தாளே. இதில் திருச்சபை கையெழுத்திடலாமா?

போப்பரசர் இரண்டாம் ஜான் பால், இனிமேல் இத்தகைய சான்றிதழை வழங்கவேண்டாமென்று 1998 ஜனவரியில் ஜெர்மன் ஆயர்களுக்கு எழுதினார். அவர்களுள் பலர், சான்றிதழை நிறுத்தினால் மிகுந்த நெருக்கடியிலுள்ள பெண்கள் திருச்சபையை அணுகமாட்டார்கள் என்று அஞ்சினர். எனினும் 1999-இல் விலகும் முடிவு உறுதியாயிற்று. லிம்பூர்க் மறைமாவட்ட ஆயர் பிரான்ஸ் காம்ப்ஹவுஸ் மட்டும் 2002 வரை சான்றிதழ் முறையைத் தொடர்ந்து, போப்பரசரின் கட்டளைக்குப் பின்னரே நிறுத்தினார். 1999-இலேயே கத்தோலிக்கப் பொதுநிலையினர் சிலர் ‘தோனும் வித்தே’ என்ற தனிச்சங்கத்தை நிறுவி, சான்றிதழ் வழங்கும் ஆலோசனையைத் தங்கள் பொறுப்பில் ஏற்றனர். திருச்சபையின் நிலையங்களோ சான்றிதழின்றிக் கர்ப்பிணிகளுக்கு உதவிவருகின்றன. அவற்றுக்கும் பொதுப் பணத்தில் உரிமையுண்டு என 2004-இல் நீதிமன்றம் கூறிற்று.

புரோட்டஸ்டண்டுத் திருச்சபைகளின் தொண்டு அமைப்பாகிய தியாக்கோனி விலகவில்லை. சான்றிதழ் சான்றளிப்பது உரையாடல் நடந்தது என்பதற்கே. அதன்பின் நிகழ்வதற்கு ஒப்புதல் அன்று என்று கொண்டு, நெருக்கடி மிகுந்த இடத்திலேயே நிற்பதை அது தெரிந்துகொண்டது.

இருபாலாரையும் குறைகூறுவது எளிது. விலகியவர் தம் கைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ளப் பெண்ணைக் கைவிட்டனர் என்பர் சிலர். நின்றவர் உயிரின் மதிப்பை விட்டுக்கொடுத்தனர் என்பர் வேறு சிலர். பணத்தை இழக்கக்கூடும் என்றறிந்தும் ஒரு சாரார் விலகினர். பழிச்சொல் வருமென்றறிந்தும் மறுசாரார் நின்றனர். இரண்டும் மனச்சாட்சியின் முடிவுகளே என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

4. அமெரிக்க நிலையோடு ஒப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கருக்கலைப்பிலிருந்து பெண்களைத் திருப்பும் நோக்குடன் 1967-இல் ஹொனலூலுவில் முதல் மையம் தோன்றிற்று. பின்னர் சில மாநிலங்கள் இத்தகைய மையங்களுக்குப் பொதுப் பணம் கொடுக்கத் தொடங்கின. பென்சில்வேனியா 1990-களில் தொடங்கிய ஒப்பந்தத்தை 2023 முடிவில் நிறுத்திற்று. டெக்சாஸ் 2024, 2025 ஆகிய இரண்டாண்டுகளுக்கு ஏறத்தாழ 14 கோடி டாலர் ஒதுக்கியது. ஆட்சி மாறும்போது பணமும் மாறுவதை இங்குக் காண்கிறோம். ஜெர்மனியில் போன்று எல்லா நிலையங்களுக்கும் பொதுவான தகுதி வரையறையோ, பல நோக்குடையோர் ஒரே சட்டத்தின்கீழ் பணிபுரியும் ஏற்பாடோ அங்கில்லை.

மேற்பார்வை முயற்சியும் வழக்கில் முடிந்தது. அரசின் மலிவான கருக்கலைப்பு வசதிகளைப் பற்றி உரிமம் பெற்ற மையங்கள் அறிவிக்கவேண்டும் என்றும், உரிமம் பெறாதவை தாம் உரிமம் பெற்ற மருத்துவ நிலையமல்ல என்று அறிவிக்கவேண்டும் என்றும் கலிபோர்னியா 2015-இல் சட்டமியற்றியது. இது பேச்சுரிமைக்கு மாறாகக்கூடும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவுசெய்தது. திருச்சபையின் வாயில் அரசு தன் சொற்களை வைக்கலாகாது என்பதை நாமும் ஏற்கலாம். ஆனால் மருத்துவரில்லாத இடத்தில் மருத்துவரில்லை என்று கூற, கிறிஸ்தவ ஊழியருக்குச் சட்டம் எதற்கு?

5. இறையியல் நோக்கு

முதலாவது, உண்மை. கருவிலுள்ள உயிரைக் காக்கவேண்டி, தாயிடம் பொய்யோ மிகைப்படுத்திய மருத்துவச் செய்தியோ கூறுவது நற்செய்திக்கு ஒவ்வாது. உண்மை பேசப்படுகிறதா, இரகசியம் காக்கப்படுகிறதா, ஊழியர் தகுதியுடையவரா என்று அரசு கேட்பது நம் சாட்சிக்குத் தடையாகாது. பொதுமக்களின் பணத்தைப் பெறுவோர் அதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டியவரே. ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் பொருள் இவ்விடத்தில் எளிதில் விளங்குகிறது. ஆனால் எதை நம்பவேண்டும், எதைச் சொல்லவேண்டும் என்று அரசு கட்டளையிடுமானால் அப்போஸ்தலர் 5:29 நினைவுக்கு வரவேண்டும். அந்நாளில் மானியத்தை விட்டுவிட ஆயத்தமாயிருக்கும் திருச்சபையே இந்நாளில் மானியத்தை அச்சமின்றிப் பெறலாம்.

இரண்டாவது, குற்றத்தில் பங்கு. தீத்ரிக் போன்ஹோஃபர் இறந்தபின் 1949-இல் வெளிவந்த ‘அறவியல்’ என்னும் நூலில், கருவிலுள்ள உயிரை அழிப்பதைக் கொலையென்றே அவர் கண்டிக்கிறார். அதே இடத்தில், வறுமையாலும் கைவிடப்பட்ட நிலையாலும் மனமுடைந்து ஒருத்தி அதைச் செய்யும்போது, குற்றம் அவளைவிடச் சமுதாயத்தையே அதிகமாகச் சேரக்கூடும் என்றும் சுட்டுகிறார். அப்படியாயின், சான்றிதழில் கையெழுத்திட்டதனால் மட்டுமே கறைபடுவோம் என்று எண்ணுவது போதாது. உதவி கொடாமல் ஒதுங்கி நின்றதனாலும் நம் கை கறைபடலாம்.

6. முடிவுரை

ஆரம்பக் காலக் கருக்கலைப்பைக் குற்றமல்லாததாக்கலாம் என்று ஜெர்மன் அரசு அமைத்த வல்லுநர் குழு 2024 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஆலோசனையைக் கட்டாயமாக வைப்பதா என்பதைச் சட்டமன்றத்தின் தீர்மானத்துக்கு விட்டது. கட்டாயம் என்றேனும் நீங்குமானால், பெண்கள் தாமாக விரும்பித் திருச்சபையின் கதவைத் தட்டுவார்களா என்பது அங்குள்ள திருச்சபைகளுக்கு உண்மையான சோதனையாகும்.

நம் திருச்சபைகள் அரசு உதவிபெறும் பள்ளிகளை நெடுங்காலமாக நடத்திவருவதால், மானியமும் மேற்பார்வையும் நமக்குப் பழக்கமானவை. ஆனால் இக்காரியத்தில் நம் நிலை வேறு. 1971-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஆலோசனைச் சான்றிதழ் எதையும் கேட்பதில்லை. எனவே கலங்கிய நிலையில் போதகரின் வீட்டுக்கு வரும் பெண்ணை எந்தச் சட்டமும் அனுப்புவதில்லை, நம்பிக்கையே அனுப்புகிறது. அவளை முதலில் வரவேற்பது நம் கண்டனமா, செவியா என்பதையும், அவள் எந்த முடிவோடு திரும்பிச் சென்றாலும் அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அவளுக்கு இடமுண்டா என்பதையும் ஒவ்வொரு சபையின் மூப்பர் குழுவும் அவள் வருமுன்னரே கூடி ஆராய்வது நலம்.