மைதானம் எந்தப் பக்கம்?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை ஏதாவது ஓர் அணியில் சேர்ந்துவிட்டால் போதும், அந்த வீட்டு மாலைப்பொழுதெல்லாம் ஆட்ட அட்டவணைக்குச் சொந்தமாகிவிடும். ஹோம் கேம் என்றால் கவலையில்லை. தெரிந்த பள்ளி, தெரிந்த பார்க்கிங். அவே கேம் என்றால் வேறு ஊர், பெயர்கூடக் கேட்டிராத பள்ளி. பிள்ளைகளை மஞ்சள் பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். அம்மாவோ அப்பாவோ ஆபீஸில் சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பி, நெரிசலில் ஊர்ந்து, அந்தப் பள்ளியைத் தேடிப் போகவேண்டும். 2023-24 கல்வியாண்டில் ஹைஸ்கூல் அணிகளில் ஆடியவர்கள் 80 லட்சத்துக்கும் மேல் என்கிறது அந்நாட்டுக் கணக்கு. இரண்டு விளையாட்டு ஆடுகிறவரை இரண்டு முறை எண்ணிய கணக்குதான். இருந்தாலும், ஒவ்வொரு மாலையும் எத்தனை கார்கள் இப்படி ஊர் விட்டு ஊர் அலைகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

“வழிதானே? போன் சொல்லிவிடுமே” என்பார்கள். பள்ளி வரைக்கும் போன் கொண்டுபோய் விடும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் பள்ளி வாசலில் நடப்பதில்லை. கட்டடத்துக்குப் பின்னால் நடக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள மிடில் ஸ்கூல் மைதானத்தில் நடக்கும். சில சமயம் பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத பூங்காவில் நடக்கும். அந்தக் கடைசி அரை மைலைச் சொல்லித்தர அந்த ஊர்க்காரர்தான் வேண்டும். அதைச் சொல்லும் வழக்கம் குறைந்துகொண்டே வருவதுதான் என் கவலை.

நம்மவர்கள் நெருங்கி வாழும் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிடில்செக்ஸ் கவுன்டியில் மட்டும் நியூ பிரன்ஸ்விக், ஈஸ்ட் பிரன்ஸ்விக், நார்த் பிரன்ஸ்விக், சவுத் பிரன்ஸ்விக் என்று நான்கு ஊர்கள். வாஷிங்டன் டவுன்ஷிப் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பல ஊர்கள். இந்தக் குழப்பம் போதும் என்று அவற்றில் ஓர் ஊர் மக்கள் 2007-ல் வாக்களித்துத் தங்கள் ஊர்ப் பெயரை ராபின்ஸ்வில் என்று மாற்றிக்கொண்டார்கள். டர்ன்பைக், பார்க்வே என்ற இரண்டு டோல் ரோடுகளிலும் எக்ஸிட் எண்கள் இரண்டு விதம். டர்ன்பைக்கில் எக்ஸிட்டுகளுக்கு வரிசை எண். பார்க்வேயிலோ தெற்கு நுனியிலிருந்து எத்தனையாவது மைலோ அதுதான் எண். டர்ன்பைக்கின் 9-ல் இறங்கினால் ஈஸ்ட் பிரன்ஸ்விக். பார்க்வேயின் 9-ல் இறங்கினால் நூறு மைலுக்கும் அப்பால், கேப் மே பக்கம் கடலோரத்தில் நிற்பீர்கள். போதாததற்கு அந்த மாநிலத்தில் பரவலாக உள்ள ஜக்ஹேண்டில் வேறு. பெரிய சாலைகள் பலவற்றில் இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது லேனில் போய், வலப்புறம் பிரியும் சிறு பாதையில் இறங்கிச் சுற்றிவந்து, சிக்னலில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். இடது லேனில் காத்திருந்தவர் அடுத்த சிக்னல் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்கள். லீகில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பத்தி. அத்லெட்டிக் டைரக்டரின் அறையில் அந்தத் தாள்களெல்லாம் ஒரு ஃபைலில் இருக்கும். சீசன் தொடங்கும்போது நகலெடுத்து கோச், பஸ் ஓட்டுநர், பெற்றோர் எல்லோருக்கும் கொடுப்பார்கள். வடக்கிலிருந்து வந்தால் இப்படி, தெற்கிலிருந்து வந்தால் அப்படி. எக்ஸிட் எடுத்ததும் வலப்பக்கமே இருங்கள், இடப்பக்கம் லேன் முடிந்துவிடும். மூன்றாவது சிக்னலில் டைனர் தெரியும், அதைத் தாண்டி ஜக்ஹேண்டில். சர்ச் வந்துவிட்டால் அதிக தூரம் வந்துவிட்டீர்கள். பேஸ்பால் ஆட்டமென்றால் பள்ளி வாசலுக்குப் போகாதீர்கள், அடுத்த தெருவில் திரும்புங்கள். எழுதியவர் அந்த வழியில் பலமுறை போனவர் என்பது வரிக்கு வரி தெரியும். புதிதாக வருகிறவர் எங்கே தடுமாறுவார் என்று யோசித்து எழுதியிருப்பார். 1990களின் கடைசியில் பள்ளிகளுக்கு இணையதளம் வந்தபோது இந்தத் தாள்கள் அப்படியே அங்கே ஏறின. 2000 மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அதன்பின் காருக்குள் கருவி வந்தது, பிறகு போன் வந்தது. வழி எழுதியிருந்த பக்கத்தில் இப்போது பெரும்பாலும் முகவரி மட்டும்தான் இருக்கிறது, தட்டினால் வரைபடம் திறக்கும். முகவரி என்பது பள்ளி ஆபீஸின் முகவரி. அங்கே தபால்காரருக்கு வேலை இருக்கிறது, கோல்கீப்பரின் அம்மாவுக்கு என்ன வேலை?

நீச்சல் அணிக்குப் பல பள்ளிகளில் குளம் கிடையாது. பக்கத்து ஊர்க் குளத்தையோ கல்லூரிக் குளத்தையோ வாடகைக்கு எடுத்து அதைத்தான் ஹோம் என்பார்கள். ஐஸ் ஹாக்கிக்கும் அப்படித்தான். கிராஸ் கன்ட்ரி ஓட்டம் கவுன்டி பூங்காக்களில் நடக்கும். நியூ ஜெர்சியின் பெயர்பெற்ற ஹோம்டெல் பார்க்கில் போட்டி நாளன்று பள்ளிப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். இங்கெல்லாம் பள்ளி முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சென்ற இலையுதிர் காலத்தில் அக்கா மகளின் சாக்கர் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பள்ளியின் முதல் அணியான வார்சிட்டி இல்லை, அதற்கு அடுத்த ஜேவி அணி. அவே கேம். வந்துசேர்ந்துவிட்டீர்கள் என்று போன் அறிவித்த இடத்தில் ஒரு கொடிக்கம்பமும் பூட்டிய கண்ணாடிக் கதவும்தான் இருந்தன. மணி நாலு தாண்டினால் ஆபீஸில் ஆள் இருப்பதில்லை. எங்கிருந்தோ விசில் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா தன் மகளின் அணியிலுள்ள இன்னொரு பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண்மணி ஈரோட்டுக்காரர்.

“எந்தப் பக்கம் நிக்கறீங்க?”

“முன்னாடி பார்க்கிங்ல விட்றாதீங்கக்கா. அப்புறம் சுத்தித்தான் நடக்கோணும். வெளிய போயி ரைட்டு எடுத்து, அடுத்த ரோட்டுல உள்ள வாங்க. டென்னிஸ் கோர்ட் தாண்டுனா ஒரு சங்கிலி கேட் வருமுங்க, அதுக்கு எதுத்தாப்லயே கார நிறுத்திக்கலாம். மேல இருக்கறது வார்சிட்டி ஃபீல்டு, நம்ம புள்ளைங்க கீழ ஆடறாங்க.”

தேவையானது அத்தனையும் அதில் இருந்தது. எந்தத் தெரு, எந்த அடையாளம், எங்கே நிறுத்துவது, இரண்டு மைதானத்தில் எது நமது. அந்த வாய்மொழிதான் முன்பு தாளில் இருந்தது.

இரண்டாம் பாதியில் பந்துக்குத் தலை கொடுத்த இரண்டு பெண்களில் ஒருத்தி எழுந்திருக்கவில்லை. போட்டி நடத்திய பள்ளியின் அத்லெட்டிக் ட்ரெய்னர் ஓடிவந்து, கழுத்தை அசைக்கவிடாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். யாரோ 911-க்குப் பேசினார்கள். பள்ளிப் பெயரைச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது, கட்டடத்துக்கு அந்தப் பக்கம். அங்கேயே நின்றது. நாங்கள் முதலில் நின்ற அதே கொடிக்கம்பத்தடியில். ஒரு அப்பா புல்வெளியைக் குறுக்கே கடந்து கையை வீசிக்கொண்டு ஓடினார். வண்டி சுற்றிக்கொண்டு பின்தெருவுக்கு வந்தால் சங்கிலி கேட்டில் பூட்டு. சாவி பராமரிப்பாளரிடம். கேட்டுக்கு எதிரே எங்கள் எல்லோருடைய கார்களும். ஸ்ட்ரெச்சரைக் கையில் தூக்கிக்கொண்டு புல்லில் நடந்து வந்தார்கள். நல்லவேளையாக அந்தப் பெண் அதற்குள் கண் திறந்து பேசத் தொடங்கியிருந்தாள். இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரு முழங்கால் ஊன்றி மைதானத்தில் அமர்ந்திருந்தார்கள், அங்கே அதுதான் வழக்கம்.

அவளுக்குத் தலையில்தான் அடி. நின்றுபோனது இதயமாக இருந்திருந்தால்? இதயம் திடீரென்று நின்றுவிட்டால், மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கும் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி மைதானத்தோரம் ட்ரெய்னரின் பையில் இருந்தால் நல்லது. பூட்டிய கட்டடத்துக்குள் சுவரில் தொங்கினால் என்ன பயன்? நியூ ஜெர்சியில் பள்ளிகள் இந்தக் கருவியை வைத்திருக்க வேண்டும், அவசரகாலத் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று 2012-ல் சட்டமே இயற்றினார்கள். 2014-ல் நடைமுறைக்கு வந்தது. பள்ளி விளையாட்டு மருத்துவத்தில் இருப்பவர்களும் ஒவ்வொரு மைதானத்துக்கும் தனித்தனித் திட்டம் எழுதச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக வரவேண்டும், கேட்டை யார் திறப்பது, வாசலில் நின்று வண்டியை யார் கூட்டிவருவது எல்லாம் அதில் இருக்கவேண்டும்.

ஆகவே அந்தத் தாள் எங்கோ இருக்கிறது. ஆனால் வெளியூர் அணியின் கோச் அதைப் பார்த்திருக்கிறாரா? 911-ஐ அழைப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் பெற்றோர்தான், அதிலும் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். “எங்கே இருக்கிறீர்கள்?” என்பதுதான் அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி. பள்ளிப் பெயருக்கு மேல் அவர்களால் என்ன சொல்ல முடியும்? இன்னொன்றும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பல ஊர்களில் ஆம்புலன்ஸை ஓட்டுவது ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தொண்டர் படை. உள்ளூர் வண்டி வேறு இடத்துக்குப் போயிருந்தால் பக்கத்து ஊர் வண்டி வரும். அந்த வண்டிக்காரருக்கும் இந்தப் பள்ளி புதிது. அவரும் முகவரியை நம்பித்தான் வருவார்.

நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியபின் மாலை ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். இருட்டில் பின்தெருக் கேட்டை முதல்முறை வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பஸ்ஸுக்கும் கார் வழி பொருந்தாது. 2018 ஏப்ரலில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், ஐரோப்பியச் சுற்றுலா முடித்துத் திரும்பிய ஹைஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் தாழ்வான பாலத்தில் மோதி மேற்கூரை கிழிந்தது. பலருக்குக் காயம். அந்தச் சாலையில் பஸ்ஸுக்கு அனுமதியே கிடையாது. கார்களுக்கான வழிகாட்டியைப் பார்த்துத்தான் ஓட்டுநர் வந்தார் என்று காவல்துறை சொன்னது. அங்குள்ள பழைய பார்க்வேக்கள் கார்களுக்கென்றே போட்டவை, பாலங்கள் தாழ்வானவை. ‘பஸ் இந்த வழியில் வரவேண்டாம்’ என்று ஒரு வரி இருந்தாலே வெளியூர் ஓட்டுநருக்கு எவ்வளவோ உதவி. கோவிட்டுக்குப் பிறகு பள்ளிப் பஸ் ஓட்டுநர்களுக்குப் பஞ்சம். 2021-ல் மாசசூசெட்ஸில் பள்ளி வேன் ஓட்ட நேஷனல் கார்டு வீரர்களையே அழைத்தார்கள். பஸ் கிடைக்காத நாளில் பெற்றோர் கார்பூல்தான். நியூ ஜெர்சியில் 17 வயதில் தற்காலிக லைசென்ஸ் கிடைத்துவிடுவதால், பிள்ளைகள் தாங்களே ஓட்டிக்கொண்டு போவதும் உண்டு. அத்தனை பேருக்கும் வழி வேண்டும்.

துப்பாக்கிச் சூடுகளைப் பார்த்துப் பயந்துபோன நாட்டில் கேட், வாசல் விவரங்களைப் பொதுவெளியில் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடத்தின் உட்புற வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. எந்த மைதானம், எந்தத் தெருவில் நுழைவது, கேட்டின் பெயர் என்ன என்ற மூன்று வரிதான் கேட்பது. இணையத்தில் போட மனமில்லையா, எதிரணி கோச்சுக்கு ஆட்டத்துக்கு முதல் நாள் மின்னஞ்சலில் அனுப்பலாம், அவர் பெற்றோருக்கு அனுப்பட்டும். எழுதப் பத்து நிமிடம் ஆகாது. மைதானங்களின் கேட்டுகளுக்குப் பெயர் வைத்து, கேட் ஏ, கேட் பி என்று பெரிய எழுத்தில் பலகை வைப்பதற்கும் பெரிய செலவில்லை. பலகை இருந்தால், 911-ல் கேட்பவருக்கு எந்தப் பெற்றோரும் அதைப் பார்த்துப் படித்துச் சொல்லிவிடலாம்.

இதைச் செய்யவைக்கப் பெற்றோரால் முடியும். ஹைஸ்கூல் அணிகளுக்குப் பின்னால் பெற்றோரே நடத்தும் பூஸ்டர் கிளப்புகள் இருக்கின்றன. நம் தமிழ் அம்மா அப்பாக்கள் அதில் ஸ்நாக் ஸ்டாண்டு பார்த்துக்கொள்கிறார்கள், நிதி திரட்டுகிறார்கள், சனிக்கிழமை காலையில் பேனர் கட்டுகிறார்கள். அவர்களுக்கும், இங்கிருந்து மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் போய்ப் பேரப்பிள்ளையின் ஆட்டத்துக்குக் கூடவே போகிற தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். அடுத்த ஹோம் கேமுக்கு முன்னால் உங்கள் பள்ளி மைதானத்தை ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள். கேட் எந்தத் தெருவில் திறக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, ஏஇடி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை எழுதி எதிரணிக்கு அனுப்பும்படி கோச்சிடம் சொல்லுங்கள். தயவுசெய்து அந்தக் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தாதீர்கள்.